வாடியில் பார்த்த ஒஸ்கார் படம்

(மட்டக்களப்பில் வாசகர் வட்டம் ஒன்றின் மாதாந்தக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்துப் படங்களின் பட்டியலோடுதான் வந்தேன். தலைமையுரை முடிந்தபோது என் நேரத்தில் பாதி போய்விட்டது. சரி, இரண்டே இரண்டு.

முதலாவது, ‘த எலிபன்ட் விஸ்பரர்ஸ்’. கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த ஆவணப்படம், 2023இல் ஒஸ்கார் வாங்கியது. முதுமலையின் தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத யானைக்குட்டி ரகுவை வளர்க்கிறார்கள். பேசுவதும் தமிழ்தான். அழகான படம், பாருங்கள். ஆனால் நான் பார்த்த இடம் கொஞ்சம் வில்லங்கமானது.

பெரும்போக வேளாண்மை கதிர் முற்றி நின்ற நேரம். படுவான்கரையில் மாமாவுக்குத் துணையாக வயல் காவலுக்குப் போயிருந்தேன். காவல் குடிசையான வாடிக்குள் ஒரு டோர்ச், தட்டுவதற்கு ஒரு தகர டின், நாலைந்து ஆனைவெடி. நித்திரை வராமலிருக்க போனில் இந்தப் படத்தைப் போட்டேன். மாமா முதலில் ஓரக்கண்ணால்தான் பார்த்தார். ரகுவைக் குளிப்பாட்டுகிற இடத்தில் சிரித்தேவிட்டார். அப்புறம் கேட்டார்: “தாய் என்னெண்டு செத்த?”

மின்சாரம் தாக்கி. வறட்சியில் தீனியும் தண்ணியும் தேடி ஊர்ப்பக்கம் வந்த கூட்டம் அது. படம் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மாமா நகரவில்லை. படம் முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, “மறுகா அந்த ஊரைக் காட்டவே இல்லியே, மருமகன்?” என்றார்.

நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அதற்குள் அடுத்த வட்டையில் வெடிச் சத்தம். போனை அணைத்துவிட்டு டின்னைத் தட்டத் தொடங்கினோம். விடிந்து பார்த்தால் வயலின் வடக்கு மூலை சப்பளிந்து கிடந்தது. தாம்பாளம் அகலத்துக்குக் காலடிகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி நின்றது. அவற்றுக்கு நடுவே சின்னதாக ஒரு வரிசை. மாமா டோர்ச்சின் நுனியால் தொட்டுக் காட்டினார். “இந்தா, ரகு.”

அந்தப் படத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு மனிதர்களையும் ஒரு குட்டியையும் விட்டு விலகாமல் நின்றதுதான் அதன் பலம். ஆனாலும் கமரா ஒரு தடவை அந்த ஊர்ப்பக்கம் கிறுகியிருக்கலாம். இங்கே களவாக மின்கம்பி கட்டுகிற வயல்களில் ஆனையும் சாகிறது, ஆளும் சாகிறது.

இரண்டாவது, பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’. 1997இல் எடுத்த சிங்களப் படம். 2000இல் போரைக் காரணம் காட்டித் திரையிட விடாமல் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம்தான் வழிவிட்டது. கண் தெரியாத ஒரு தகப்பன். படைக்குப் போன மகனின் உடல் என்று முத்திரை வைத்த பெட்டி வருகிறது. அவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவும் மாட்டேன் என்கிறார். ஜோ அபேவிக்கிரம அந்தக் கிழவனுக்கு அழுகையே கொடுக்கவில்லை. வெறும் பிடிவாதம். கடைசியில் மண்வெட்டியோடு போய்ப் பெட்டியைத் தோண்டுகிறார். உள்ளே வாழைக்குற்றி.

இதைப் பெரியம்மா வீட்டில் பார்த்தேன். 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். பெரியம்மாவின் மூத்த மகனும் அதே மாதம்தான், வேறோர் இடத்தில். மரணச் சான்றிதழுக்கான படிவம் இன்றும் அலுமாரிக்குள் மடித்தபடி கிடக்கிறது. பெரியம்மாவுக்குச் சிங்களம் விளங்காது. இடையிடையே நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தோண்டுகிற கட்டம் வந்ததும் நானும் பேச்சை விட்டுவிட்டேன்.

படம் முடிந்து கனநேரம் பெரியம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகு தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனவர், அங்கிருந்தே சொன்னார்:

“அந்தாளுக்குப் பெட்டியெண்டாலும் வந்திச்சு.”