ஏசி ரூம்ல ஆர்க்கிட் வளர்க்கணுமா? ராத்திரி ஈரப்பதத்தைக் கவனிங்க

வணக்கம் நண்பர்களே. ஏசி ரூம்ல வச்ச ஆர்க்கிட் ஏன் மொட்டைக் கொட்டுது, இலை ஏன் சுருங்குதுன்னு கேக்குறவங்களுக்காக இந்த வீடியோ. ஏசியோட குளிருக்குப் பயப்பட வேண்டாம். பூ எடுக்குறதுக்கே அந்தக் குளிர் வேணும். செடியைக் கெடுக்குறது ரெண்டு விஷயம்: ஏசி காத்தை உலர்த்துது, அந்த உலர்ந்த காத்து நேரா செடி மேல அடிக்குது.

இன்னிக்குப் பேசப்போறது ஃபெலனாப்சிஸ்ங்கிற ஆர்க்கிட் வகை பத்தி. இதோ, இந்தச் செடிதான். தடிச்ச அகல இலை, பட்டாம்பூச்சி மாதிரி பூ. ஏசி ரூம்ல ஆரம்பிக்கிறவங்க இதை எடுங்க. வாண்டாங்கிற இன்னொரு ஆர்க்கிட் வகையை வாங்கிடாதீங்க. அதோட வேர் வெளியில தொங்கும், அதுக்கு எப்பவும் நல்ல ஈரக்காத்து வேணும், ஏசி ரூம்ல ரொம்பக் கஷ்டப்படும்.

முதல் வேலை, இடம் பார்க்குறது. மெல்லிசா ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டு கிழிச்சு, செடி வைக்கப்போற இடத்துல நூல்ல தொங்கவிடுங்க. ஏசியைப் போட்டுட்டு பத்து நிமிஷம் பாருங்க. காகிதம் லேசா எப்பவாவது ஆடுனா பரவாயில்ல. விடாம படபடன்னு ஆடுனா அந்த இடம் வேண்டாம். ஏசியோட ஸ்விங் ஓடும்போதும் பார்த்துடுங்க, காத்து அங்கங்க மாறி அடிக்கும்.

ஜன்னல் விஷயத்துல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. ரூம் 24 டிகிரின்னு ஏசி காட்டும். ஆனா மதிய வெயில் கண்ணாடி வழியா நேரா இலை மேல விழுந்தா, இலை அதைவிட ரொம்பச் சூடாயிடும். கையை வச்சுத் தொட்டுப் பாருங்க, இலை வெதுவெதுன்னு இருந்தா உடனே தள்ளி வைங்க, இல்லன்னா மெல்லிசான திரை போடுங்க. விட்டா முதல்ல வெளுத்த திட்டு வரும், அப்புறம் கருகிடும், அந்தத் திட்டு திரும்பப் பச்சையாகாது. கிழக்கு ஜன்னல்ல காலை வெயில் நல்லது. வெளிச்சம் 10,000 லக்ஸ்ல இருந்து 15,000 லக்ஸ் வரைக்கும் இருந்தா போதும் (லக்ஸ்ங்கிறது வெளிச்சத்தை அளக்குற அலகு). ஜன்னல் இல்லாத ரூம்னா வெள்ளை எல்.ஈ.டி. லைட்டு, இலைக்கு மேல 30 செ.மீ. உயரத்துல, 12 மணி நேரம். ராத்திரி கண்டிப்பா அணைச்சுடுங்க, காரணம் இப்போ சொல்றேன்.

பெரும்பாலான செடிங்க பகல்ல இலைத்துளையைத் திறக்கும். ஃபெலனாப்சிஸ் ராத்திரிதான் திறக்கும். இருட்டுலதான் கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுத்து, அமிலமா சேத்து வச்சு, பகல் வெளிச்சத்துல அதைச் சர்க்கரையா மாத்தும். அதாவது நீங்க ஏசியைப் போட்டுத் தூங்குற அதே நேரத்துலதான் இந்தச் செடி வாயைத் திறந்து வச்சிருக்கு. அப்போ காத்து உலர்ந்திருந்தா, துளை வழியா தண்ணி போயிட்டே இருக்கும். ஈரப்பதம் 60 சதவீதமா இருக்குறப்போ காத்து எவ்வளவு உறிஞ்சுமோ, அதே வெப்பத்துல 40 சதவீதமா குறைஞ்சா ஒன்றரை மடங்கு உறிஞ்சும். அதனால ஈரப்பதத்தைப் பகல்ல அளந்து பார்த்துட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுடாதீங்க. ஈரப்பதத்தைக் காட்டுற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி இலை உயரத்துல வச்சு, ஏசி ஓடி மூணு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. 50க்குக் கீழ போனா ஏதாவது செய்யணும்.

என்ன செய்யணும்? காத்துல ஈரத்தை ஏத்துற ஹியூமிடிஃபையர் மெஷின்தான் உண்மையா வேலை செய்யும். செடியில இருந்து ஒரு மீட்டர் தள்ளி வைங்க, ஆவி நேரா இலை மேல படக்கூடாது. 55, 60 சதவீதம் வந்தா போதும், அதுக்கு மேல போனா சுவர்ல பூஞ்சை வரும். கூழாங்கல் தட்டுல தண்ணி ஊத்தி மேல தொட்டியை வைக்கிறது கொஞ்சம்தான் உதவும், அந்த ஈரம் தட்டுக்குப் பக்கத்துலயே நின்னுடும். நாலைஞ்சு செடியைச் சேத்து வச்சா அதைவிட நல்லது. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிக்கிற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. அந்த ஈரம் சில நிமிஷத்துல காஞ்சிடும், ஆனா நடுக்குருத்துல தேங்குற தண்ணி மட்டும் குளிர்ல காயாம நின்னு, குருத்தையே அழுக வச்சிடும். இந்தச் செடிக்கு வளர்ற நுனி அது ஒண்ணுதான். தப்பித்தவறி தண்ணி விழுந்துட்டா டிஷ்யூவைத் திரிச்சு உள்ள விட்டு ஒத்தி எடுத்துடுங்க.

இப்போ தண்ணி ஊத்துறது. ஏசி ரூம்ல தொட்டியோட மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சிடும், நடுவுல ஈரம் அப்படியே இருக்கும். மேல தொட்டுப் பார்த்து ஊத்துறவங்க வேரை அழுக வைக்கிறது இப்படித்தான். ஸ்பேக்னம் மாஸ்ங்கிற காஞ்ச பாசியில இறுக்கமா அடைச்சு விக்கிற செடியில இது இன்னும் மோசம். ஒரு மூங்கில் குச்சியை நடுவுல சொருகி பத்து நிமிஷம் கழிச்சு உருவுங்க. குச்சி ஈரமா, கருத்து வந்தா இன்னும் பொறுங்க. கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தொட்டியா இருந்தா இன்னும் சுலபம்: வேர் பச்சையா இருந்தா ஈரம் இருக்கு, வெள்ளி நிறத்துக்கு மாறிட்டா தாகம்.

12 செ.மீ. தொட்டியில மரப்பட்டைத் துண்டு போட்டிருந்தா, ஏசி ரூம்ல பெரும்பாலும் 5ல இருந்து 7 நாளைக்கு ஒருமுறை தண்ணி ஊத்த வேண்டி வரும். காலையில ஊத்துங்க. ரூம் வெப்பத்துல இருக்குற தண்ணியில தொட்டியை 10, 15 நிமிஷம் முக்கி வச்சு, எடுத்து முழுசா வடிய விடுங்க. வெளித் தொட்டியில தண்ணி தேங்கக்கூடாது. ஏசியில இருந்து சொட்டுற தண்ணியை ஊத்தலாமான்னு கேப்பீங்க. உப்பு இல்லாத தண்ணிதான், ஆனா அது ஏசிக்குள்ள இருக்குற குளிர்ற குழாய் (காயில்) மேல ஓடி தூசி, பூஞ்சை, செம்புத் துகளோட வரலாம், வேருக்கு அது நல்லதில்ல. மழைத்தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ போதும்.

தொட்டியில போடுற கலவைக்கு ஒரு வார்த்தை. ஒண்ணுல இருந்து ரெண்டு செ.மீ. அளவு மரப்பட்டை ஏழு பங்கு, கரித்துண்டு ரெண்டு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. ரொம்ப உலர்ற ரூம்னா கொஞ்சம் மாஸ் உதிர்த்துக் கலக்கலாம். ஒண்ணரை, ரெண்டு வருஷத்துல பட்டை மட்கிடும், அப்போ மாத்துங்க.

உரம் 20-20-20, அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குறது, லிட்டருக்கு அரை கிராம், அதுக்கு மேல வேண்டாம். மூணு தடவை உரத்தண்ணி, நாலாவது தடவை வெறும் தண்ணியை நல்லா ஓட விட்டு அலசிடுங்க. உலர்ந்த காத்துல தண்ணி மட்டும் ஆவியாகி உப்பு தங்கிடும். பட்டை மேல வெள்ளையா படிஞ்சு, வேர் நுனி கருத்தா அதுதான் காரணம்.

இலை துவண்டு சுருங்கினா உடனே தண்ணி ஊத்தாதீங்க. தண்ணி பத்தாட்டியும் அப்படித்தான் சுருங்கும், வேர் அழுகிட்டாலும் அப்படித்தான் சுருங்கும். தொட்டியை விட்டு எடுத்து வேரை அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா தாகம். கொழகொழன்னு, உள்ள வெறும் நரம்பு மாதிரி இருந்தா அழுகல். நெருப்புல காட்டி ஆறவச்ச கத்தரியால வெட்டிட்டு, புதுப் பட்டையில நடுங்க. இலைக்கு அடியில மெல்லிய வலையோ, வெள்ளி மாதிரி மங்கலோ தெரிஞ்சா சிலந்திப்பூச்சி. உலர்ந்த காத்துன்னா அதுக்குக் கொண்டாட்டம். ஈரத்துணியால ரெண்டு பக்கமும் துடைச்சு, வாரம் ஒருமுறை மூணு வாரம் தொடருங்க.

கடைசியா பூ. பகல்ல 25 டிகிரி, ராத்திரி 18ல இருந்து 20 டிகிரி, இப்படி ஒரு மாசத்துக்கு மேல வச்சா ஸ்பைக், அதாவது பூத்தண்டு, கிளம்பும். ராத்திரி மட்டும் ஏசி போட்டா போதும்னு நினைக்காதீங்க. பகல்ல பல மணி நேரம் 29 டிகிரியைத் தாண்டுனா ராத்திரிக் குளிர் வீணாயிடும். புதுசா வர்றது வேரா, ஸ்பைக்கான்னு குழப்பமா இருந்தா, வேர் நுனி உருண்டையா இருக்கும். ஸ்பைக் நுனி சின்னக் கையுறை மாதிரி ஒரு பக்கம் மடிஞ்சிருக்கும், அதை வச்சு அடையாளம் கண்டுபிடிங்க. ஸ்பைக் தெரிஞ்சதும் தொட்டியைத் திருப்பாதீங்க, வெளிச்சத்தைத் தேடி அது முறுக்கிக்கும். முதல் பூ விரிய ரெண்டு, மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அதே ரூம்ல பழுக்குற வாழைப்பழம், ஆப்பிள் எதுவும் வைக்காதீங்க. பழம் விடுற எத்திலீன் வாயு மூடுன ஏசி ரூம்ல வெளிய போக வழியில்லாம தங்கி, மொட்டை மஞ்சளாக்கிக் கொட்ட வச்சிடும்.