ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 'ரன்.' போன வாரம் ஒரு புதுச் சட்டையைத் துவைக்க எடுத்தேன், காலருக்கு உள்பக்கம் சின்னதாக ஒரு துணிச்சீட்டு தைத்திருந்தார்கள், இருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், தெரிகிறதா? 'கலர்ஸ் மே ரன்.' நிறம் எப்படி ஓடும்? நாம் சாயம் போகும் என்போம். சட்டையை அப்படியே வைத்துவிட்டு அகராதியைத் திறந்தேன், நள்ளிரவு வரைக்கும் மூடவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ரன்னுக்கு வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கான பகுதியைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு 9 மாதம் ஆனது. ஒரு மனிதர் 9 மாதம் தினமும் ஒரே சொல்லோடு உட்கார்ந்திருக்கிறார், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்'தான் முதலிடத்தில் இருந்தது, சுமார் 430 பொருள். பிறகு 'மேக்', 'புட்' என்று கைமாறி 2011-இல் ரன் முந்திக்கொண்டது. இயந்திரங்கள் வந்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு: கடிகாரம் ரன் ஆகும், ரயில் ரன் ஆகும், மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராமும்.

ஆனால் எண்ணிக்கையை விட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். ரன் என்பது முதலில் ஒரே சொல்லாக இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்று ஒன்று, தானாக ஓடுவது, நீர் போல ஒழுகுவது. அதையே 'இர்னன்' என்றும் சொன்னார்கள், ரகரம் இடம் மாறிவிட்டது, நம் தசை சதையானது போலத்தான். ஆங்கிலத்தில் 'ஹார்ஸ்' கூட ஒரு காலத்தில் 'ஹ்ரோஸ்'! சரி, இன்னொரு சொல் 'ஆர்னன்', அது ஓடவைப்பது, குதிரையை விரட்டி ஓட்டுவது. வடக்கே இருந்து வந்த ஸ்காண்டிநேவியர்களும் இதே மாதிரி 'ரின்னா', 'ரென்னா' என்று ஒரு ஜோடி வைத்திருந்தார்கள். இத்தனையும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. அதனால்தான் 'ஷி ரன்ஸ்' என்றால் அவள் ஓடுகிறாள், 'ஷி ரன்ஸ் எ கம்பெனி' என்றால் ஒரு கம்பெனியை நடத்துகிறாள்.

இப்போது தமிழைப் பாருங்கள். ஓடு, ஓட்டு. ஒரே ஒரு 'ட்' கூடுகிறது, தானாகச் செய்வது போய் இன்னொன்றைச் செய்யவைப்பதாக மாறிவிடுகிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான்: ஆடு ஆட்டு, வாடு வாட்டு, கூடு கூட்டு. ஆங்கிலம் தொலைத்துவிட்ட வேறுபாட்டை நாம் யோசிக்காமலே தினமும் பேச்சில் பயன்படுத்துகிறோம்! வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறேன். படம் நூறு நாள் ஓடியது, காலத்தை எப்படியோ ஓட்டினேன். மூளை ஓடவில்லை என்றும் சொல்கிறோம்.

முழுவதும் தொலைந்துவிடவும் இல்லை. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி விழவைப்பது. 'டிரிங்க்' என்றால் குடி, 'டிரெஞ்ச்' முதலில் குடிக்கவைப்பது, அப்புறம்தான் தொப்பலாக நனைப்பது. 'சிட்' உட்கார், 'செட்' உட்காரவை. ஆமாம், பழைய சாம்பியன் செட்டும் ஒரு பிறவினைதான். இதைப் படித்த இடத்தில் நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

எல்லா இடத்திலும் 'ஓடு' பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்தலில் ரன் என்றால் நாம் போட்டியிடுகிறோம், அல்லது நிற்கிறோம், ஓடுவதே இல்லை. காய்ச்சலை ஆங்கிலத்தில் ரன் பண்ணுவார்கள், நமக்குக் காய்ச்சல் அடிக்கும். மூக்கு ரன் ஆனால் நமக்கு ஒழுகும். இந்த மூக்கு விஷயம் முக்கியம், ஏனென்றால் ரன்னின் பழைய பொருள் அங்கேதான் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ரின்னன்' என்றால் ஒழுகுவது, 'ரென்னன்' என்றால் ஓடுவது, இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன.

இப்போது அந்தச் சட்டைக்கு வருகிறேன். 'கலர்ஸ் மே ரன்' என்பதில் யாரும் காலால் ஓடவில்லை, நிறம் தண்ணீரோடு சேர்ந்து ஒழுகிப் பக்கத்துத் துணியில் இறங்குகிறது, அவ்வளவுதான். அதைத் தனியாகத்தான் துவைத்தேன், வாளித் தண்ணீர் முழுக்க நீலம். அடுத்த வீடியோவில் 'கெட்' எடுக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் நீங்கள் ஓடு, ஓட்டு வைத்துப் பேசுகிற வாக்கியங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.