மூன்று பாடல்களுக்காகவே ஒரு தொகுப்பு: ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன், 1970

வணக்கம் நண்பர்களே. ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் என்ற, தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்க ஃபங்க் இசைக்குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' இசைத்தட்டு, எபிக் நிறுவனத்தின் மஞ்சள் லேபிளோடு வந்த பழைய அமெரிக்க அச்சு, ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டது. தொகுப்புத் தட்டுகளை நான் வாங்குவதில்லை என்பதும், இந்த ஒன்று மட்டும் அதற்கு விதிவிலக்கு என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த விதிவிலக்குக்கான காரணத்தை இன்று முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விலை. விற்றவர் 4,200 ரூபாய் கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது உறையின் மேல் விளிம்பில் ஒட்டு விட்டிருந்தது தெரிந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் 3,600க்கு இறங்கினார். நான் அசையவில்லை. மறுநாள் காலை அவரே 3,300க்குச் சம்மதித்தார், அதுவும் தபால் செலவு உட்பட! இந்த நிலையில் உள்ள தட்டுக்கு இது அருமையான விலை. ஆனால் இரண்டு பக்கமும் தடித்த அட்டை வைத்துக் கட்டுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தும், ஒரே ஒரு மெல்லிய அட்டையை வைத்து அனுப்பியிருக்கிறார். இந்த மூலையைப் பாருங்கள், மடங்கியிருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேல் நிமிர்ந்து நின்ற உறை, கடைசிப் பயணத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆறவில்லை. நல்லவேளையாகத் தட்டுக்குச் சேதமில்லை.

இனி இசைக்கு வருகிறேன். 1969 மே மாதம் 'ஸ்டாண்ட்!' ஆல்பம் வந்தது. ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் இந்தக் குழு விடியலுக்கு முன்பே லட்சக்கணக்கானோரை எழுப்பி ஆடவைத்தது. அடுத்த ஆல்பத்துக்காக நிறுவனம் காத்திருந்தது; குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோன் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியை அடைக்க 1970 நவம்பரில் எபிக் வெளியிட்டதுதான் இது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

இதில் 12 பாடல்கள் உள்ளன. ஐந்து 'ஸ்டாண்ட்!' ஆல்பத்திலிருந்தும், மூன்று 'லைஃப்' ஆல்பத்திலிருந்தும், ஒன்று 'டான்ஸ் டு தி மியூசிக்' ஆல்பத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. மீதமுள்ள மூன்று, அதாவது 'ஹாட் ஃபன் இன் தி சம்மர்டைம்', 'எவ்ரிபடி இஸ் எ ஸ்டார்', 'தேங்க் யூ' ஆகியவை, அதற்கு முன்பு பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறுதட்டுகளாக மட்டுமே வந்தவை, எந்த ஆல்பத்திலும் இடம்பெறாதவை. குழுவின் ஆகச்சிறந்த மூன்று பாடல்களுக்கு இந்தத் தொகுப்புதான் முதல் வீடு. அதனால்தான் இதை ஒரு தொகுப்பாக நான் கருதுவதே இல்லை, 'ஸ்டாண்ட்!' ஆல்பத்துக்கு அடுத்து வந்த ஆல்பம் இதுதான்.

பாடல்களின் வரிசையும் அபாரமானது. காலவரிசையைத் தூக்கி எறிந்துவிட்டு, 'ஐ வான்ட் டு டேக் யூ ஹையர்' பாடலோடு தொடங்கி 'தேங்க் யூ' பாடலில் முடிக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் லாரி கிரஹாமின் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். 'எவ்ரிடே பீப்பிள்' முழுவதும் அவர் ஒரே சுரத்தில் நிற்கிறார். அதே மனிதர் கடைசிப் பாடலில் கட்டைவிரலால் தந்தியை அறைந்து, மற்ற விரலால் சுண்டி, ஃபங்க் இசையின் இலக்கணத்தையே எழுதுகிறார். தாயாரோடு டிரம்ஸ் இல்லாமல் வாசித்த நாட்களில், டிரம்ஸின் வேலையையும் சேர்த்துச் செய்வதற்காக அவர் கண்டுபிடித்த முறை அது. பிற்காலத்தில் வந்த காலவரிசைத் தொகுப்புகளில் இந்த எதிரொலிப்பு கிடைக்கவே கிடைக்காது. அவற்றை என்னால் ரசிக்க முடியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். 1967இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாடல்கூட இதில் இல்லை. 'அண்டர்டாக்' பாடலை விட்டது அநியாயம். அதற்காக 'லைஃப்' ஆல்பத்தின் மூன்றில் ஒன்றை நான் தாராளமாக விட்டுக்கொடுப்பேன். டிரம்பெட் வாசித்த சிந்தியா ராபின்சனின் குரல் முழங்கும் 'டான்ஸ் டு தி மியூசிக்' பாடலை மட்டும் யாரும் தொடக்கூடாது.

இப்போது என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயம். உறையில் ஸ்டீரியோ, அதாவது இடது வலது ஒலிபெருக்கிகளில் வெவ்வேறு ஒலி வரும் பதிவு, என்று இருக்கிறது. ஆனால் நான் சொன்ன அந்த மூன்று பாடல்களும் இந்தத் தட்டில் உண்மையான ஸ்டீரியோ அல்ல. ஒரே ஒலித்தடம் கொண்ட மோனோ பதிவை இரண்டாகப் பிரித்து, இடதிலும் வலதிலும் ஒலியின் தன்மையை மாற்றிச் செயற்கையாக அகலப்படுத்தியிருக்கிறார்கள். 'ஸ்டாண்ட்!' பாடல்களில் ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் நிற்கும்போது, 'தேங்க் யூ' பாடலில் அந்தக் கட்டைவிரல் அறை நடுவில் இறங்காமல் கலங்கி ஒலிக்கிறது. எந்தப் பாடல்களுக்காக இந்தத் தட்டை வாங்குகிறோமோ, அவற்றுக்கே இந்தக் கதி.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்திக் கேட்டேன். பேஸ் ஓரளவு நடுவில் திரண்டது, ஆனால் முழு அழுத்தம் வரவில்லை. அதனால் 'தேங்க் யூ' ஒரு பக்கமும் 'எவ்ரிபடி இஸ் எ ஸ்டார்' மறுபக்கமும் உள்ள மோனோ சிறுதட்டைத் தேடத் தொடங்கிவிட்டேன். ஸ்லை ஸ்டோன் 2025 ஜூனில் மறைந்த பிறகு இவற்றைத் தேடுபவர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கையில் கிடைத்ததும் அந்தச் சிறுதட்டையும் இந்தத் தட்டையும் இதே ஊசியில் அடுத்தடுத்து ஒலிக்கவிடுகிறேன்.