வேப்புடன் வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. 22 ஆண்டுகள் சிகரெட் பிடித்த என் அண்ணன், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையையும் நிகோட்டின் சூயிங்கத்தையும் முயன்று தோற்றபின், தானே ஒரு வேப்பை, அதாவது நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் மின்-சிகரெட்டை, வாங்கிக்கொண்டு இங்கிலாந்தில் ஓர் ஊரின் புகைநிறுத்த உதவி மையத்துக்குச் சென்றார். "முதலில் இதை விட்டுவிட்டு வாருங்கள்" என்றார்கள். அன்று மாலையே அவர் மீண்டும் சிகரெட் வாங்கினார். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள அத்தகைய மையம் 2014-லேயே வேப்புடன் வருபவர்களை வரவேற்கத் தொடங்கியது. 2019-இல் வெளியான, 886 பேர் பங்கேற்ற ஆங்கிலேய ஆய்வில், ஓராண்டு முடிவில் வேப் பயன்படுத்தியவர்களில் 18 விழுக்காட்டினரும், பட்டை போன்ற நிகோட்டின் மாற்றுகளைப் பயன்படுத்தியவர்களில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். இரு குழுவினருக்கும் குறைந்தது நான்கு வாரங்கள் ஆலோசகரின் வாராந்தரத் துணை கிடைத்தது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தத் துணை என்ன செய்கிறது? வேப்பில் ஊற்றும் திரவத்தின் இந்தக் குப்பியைப் பாருங்கள்: 10 மில்லிலிட்டர். இங்கே ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோட்டின் வரையே சட்டம் அனுமதிக்கிறது. காலையில் கண்விழித்த சில நிமிடங்களில் சிகரெட்டைத் தேடுபவர், கூச்சத்தினாலோ அச்சத்தினாலோ 3 மில்லிகிராமில் தொடங்கினால், நண்பகலுக்குள் பழைய பெட்டியைத் திறந்துவிடுவார். போதிய அளவில் தொடங்கச் சொல்ல, விவரம் தெரிந்த ஒருவர் அருகில் வேண்டும். சிகரெட்டைப் போல வேகமாக இழுக்காமல் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும் என்பதையும், கருகிய சுவை வந்தால் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளை (காயில்) மாற்ற வேண்டும் என்பதையும் அவரே கற்றுத்தருவார்.

வேப்பையும் சிகரெட்டையும் சேர்த்துப் பிடிப்பவரைக் கடிந்துகொள்ளாமல், சிகரெட்டை முற்றாக நிறுத்தும் நாளை அவருடன் சேர்ந்து குறிக்க வேண்டும். வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால், சிகரெட் நின்றதும் மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பத்து பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) அளவுக்கும் கீழே இறங்கும். அந்த எண்ணைத் தம் கண்ணால் பார்ப்பது பெரும் ஊக்கம். க்ளோசபின் என்ற மனநல மருந்தை எடுப்பவர் வேப்புக்கு மாறினாலும் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயரும், ஏனெனில் அதை விரைவாகச் சிதைத்து வந்தது நிகோட்டின் அல்ல, புகைதான். ஆகவே அவருடைய மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

புகைபிடிக்காதவர்களும் சிறுவர்களும் வேப்பைத் தொடவே வேண்டாம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதன் விற்பனையையே தடைசெய்திருப்பதால், நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

அந்த ஆய்வில் வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் வேப்பைத் தொடர்ந்தனர். எனவே நான்காம் வாரத்துடன் உதவியை நிறுத்திவிடாமல், சிகரெட்டின் நினைப்பே வராத நிலை வந்தபின் நிகோட்டினைப் படிப்படியாகக் குறைக்கவும் மையங்கள் உடனிருக்க வேண்டும். வேறொரு மையத்தில் சேர்ந்த அண்ணன் இப்போது 6 மில்லிகிராமில் இருக்கிறார். அவருடைய ஆலோசகர் இன்னும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறார்.