ஈரத்தில் உலரும் மெருகு: மர ஹெட்போன்களின் கதை

[திரையில்: ஆழ்ந்த சிவப்பில் மின்னும் ஒரு ஹெட்போன் கிண்ணம்]

வணக்கம். திரையில் மெல்லச் சுழலும் இந்தச் சிவப்புக் கிண்ணம், அதாவது ஹெட்போனில் காதுப் பக்கம் அமரும் கூடு, மரத்தைக் கடைந்து செய்தது. அதன் மேல் மின்னுவது வேறொரு மரத்தின் பால். அந்தப் பாலைப் பூசி வறண்ட காற்றில் வைத்தால் ஒழுங்காக இறுகாது. ஈரக் காற்று நிறைந்த அலமாரிக்குள் மூடி வைத்தால்தான் இறுகும். ஈரத்தில் உலரும் மெருகு ஒன்று இருக்கிறது என்பதை முதலில் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்த வீடியோ.

மர ஹெட்போன் வாங்க விரும்புபவர்களும், தாமே செய்து பார்க்க விரும்புபவர்களும் முதலில் கேட்பது, "எந்த மரம் நல்லது?" என்பதுதான். மரத்தை எப்படி உலர்த்தினார்கள், அதன் மேல் எதைப் பூசினார்கள் என்ற கேள்விகளுக்கு அதைவிட முன்னிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோனி நிறுவனம் 1989-இல் எம்.டி.ஆர்-ஆர்10 என்ற ஹெட்போனை ஜப்பானின் ஸெல்கோவா மரத்தில் கடைந்த கிண்ணங்களோடு வெளியிட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1953 முதல் இயங்கும் கிராடோ நிறுவனம் மஹோகனியைக் கையில் எடுத்தது. இன்று ருமேனியாவின் மெஸே, சிகாகோ பகுதியின் இசட்.எம்.எஃப் எனப் பலர் இந்த வழியில் இருக்கிறார்கள்.

சரி, மரம் எதற்கு? பின்பக்கம் திறப்பில்லாத மூடிய வகை ஹெட்போனில், டிரைவரின், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கரின், பின்பக்கம் எழும் ஒலி கிண்ணத்தின் உட்சுவரில் மோதித் திரும்புகிறது. எதிரெதிரான இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு இடையே 5 செ.மீ. இடைவெளி இருந்தால், ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒத்ததிர்வு உண்டாகி, அந்தச் சுரம் மட்டும் மிகைத்து ஒலிக்கும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே. ஆகவே உட்புறத்தை வளைவாகக் குடைந்து, கம்பளியோ ஃபெல்ட் துணியோ வைத்து அந்த எதிரொலியை அடக்குகிறார்கள். கனமான சுவரையும் வளைந்த உட்புறத்தையும் ஒரே துண்டில் கடைந்தெடுக்க மரம் இடம் தருகிறது. எனவே, ஒலியை முதலில் தீர்மானிப்பவை கிண்ணத்தின் கொள்ளளவு, வடிவம், உள்ளே வைக்கும் திணிப்பு ஆகிய மூன்றும்தான். மரத்தின் பெயர் அதற்குப் பிறகே வருகிறது. "ரோஸ்வுட் என்றாலே இனிமை" என்று விளம்பரம் சொன்னால், உட்புறத்தின் படத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

மரத்தின் பெயர் உண்மையில் முக்கியமாகும் இடம் வேறு. மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வது போல, கிண்ணமும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. பச்சை மரம் முழுவதும் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஒரு அளவும், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் அதைவிடக் குறைவாகவும் சுருங்குகிறது. கடின மேப்பிளில் இது 9.9 சதவீதமும் 4.8 சதவீதமும், கறுப்பு வால்நட்டில் 7.8, 5.5, தேக்கில் 5.8, 2.5, அமெரிக்க மஹோகனியில் 4.1, 3.0 மட்டுமே. இரண்டு எண்களும் சிறியவையாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் வட்டமாகக் கடைந்தது வட்டமாகவே நிற்கும். மஹோகனிக்கு இந்தத் துறையில் மதிப்பு இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை. வட்டம் நீள்வட்டமானால் டிரைவர் பொருந்திய தட்டின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். மூடிய ஹெட்போனில் காற்று கசிந்தால் முதலில் காணாமல் போவது தாழ்ந்த சுரங்கள்தான்.

அதனால் நிதானமுள்ள கைவினைஞர் ஒரே மூச்சில் கடைந்து முடிப்பதில்லை. சூளையில் உலர்த்திய கட்டையைத் தடிமனாக, தோராயமாகக் கடைந்து, சில வாரங்கள் அப்படியே விட்டு, அது கோண வேண்டிய அளவுக்குக் கோணிய பிறகே இறுதி அளவுக்குக் கொண்டுவருகிறார். இடது, வலது இரண்டையும் ஒரே பலகையின் அடுத்தடுத்த துண்டுகளிலிருந்து எடுத்தால் ரேகையும் ஒத்துப்போகும், சுருக்கமும் ஒத்துப்போகும். திருகுகளை மரத்தில் நேரடியாக இறக்காமல் பித்தளைச் செருகுமரை (உட்புறம் மரை வெட்டிய சிறு குழாய்) வைத்துவிட்டால், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் துளை தேயாது.

[திரையில்: உருஷி மரத்தின் பட்டையில் கீறிய வரிகள்]

இப்போது மெருகுக்கு வருவோம். நான் காத்திருந்த பகுதி இதுதான்.

ஃபோஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி.எச்.900 என்ற ஹெட்போனில், பிர்ச் குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானிய மரம் ஒன்றின் மேல் வெள்ளித் தகடு ஒட்டி, அதன் மேல் சிவந்த உருஷியை, அதாவது முதலில் சொன்ன அந்த மரப்பாலை, பூசுகிறார்கள். வெளிச்சம் உருஷியைக் கடந்து போய் வெள்ளியில் பட்டுத் திரும்புவதால்தான் அந்தச் சிவப்பு உள்ளிருந்து எரிவது போலத் தோன்றுகிறது. இந்தப் பூச்சு வேலை நடப்பது வட ஜப்பானின் ஐஸு பகுதியில். சோனியின் ஸெல்கோவா மரமும் அதே ஐஸுவிலிருந்து வந்ததுதான் என்று அறிந்தபோது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

உருஷி என்பது ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பால். மரம் பாலுக்குத் தயாராக 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் கிடைப்பது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர். ஜப்பானில் வழக்கமான முறைப்படி, அந்தப் பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுகிறார்கள்; அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர் வருகிறது. பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் தன் முழு வாழ்நாளுக்கும் ஒரு டம்ளர் பால் தருகிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சிவப்பை மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

இனி அந்த ஈர அலமாரி. பெயின்ட், வார்னிஷ் வகைகள் பலவற்றில் கரைப்பான் ஆவியாகிப் போவதால் பூச்சு கெட்டியாகிறது. உருஷியில் நடப்பது வேறு. அதில் உருஷியால் என்ற பொருளும், லேக்கேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தி உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பது அந்த நொதியின் வேலை. அது வேலை செய்ய ஈரம் வேண்டும். ஆகவே 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் 20 டிகிரிக்கு மேற்பட்ட மிதமான வெப்பமும் உள்ள மர அலமாரிக்குள் கிண்ணத்தை வைக்கிறார்கள். பூச்சு தடிமனாகிவிட்டால் மேல்தோல் முந்திக்கொண்டு இறுகிச் சுருக்கம் விழும். எனவே மிக மெல்லிய பூச்சு, அலமாரி, ஈரம் தொட்டுத் தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று பொறுமையாகப் பல சுற்றுகள் போகிறது. இறுகிய பிறகு அமிலம், காரம், ஆல்கஹால் எதற்கும் எளிதில் அசையாது. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் அதன் பெரும் பகை. இத்தகைய ஹெட்போனை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

இறுகாத உருஷி தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். நம் ஊரில் சலவைத் துணிகளுக்குக் குறியிடப் பயன்பட்ட சேங்கொட்டையின் சாறும் அப்படித்தான் புண்ணாக்கும். இரண்டும் மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டின் சாற்றிலும் ஒரே வகை வேதிப்பொருள் இருக்கிறது. முற்றிலும் இறுகிய பூச்சு தொடுவதற்குப் பாதுகாப்பானது என்பதால் ஹெட்போன் அணிபவர் அஞ்ச வேண்டியதில்லை; பூசும் கைவினைஞரின் கைகளுக்குத்தான் அந்தச் சோதனை.

உருஷி நம் கைக்கு எளிதில் எட்டாது. ஆனால் எட்டும் தூரத்தில் ஷெல்லாக் இருக்கிறது. ஜார்க்கண்டிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சியிடமிருந்து வருவது இது. நம் தச்சர்களின் பிரெஞ்ச் பாலிஷுக்கு அடிப்படையும் இதுவே. வினைல் வருவதற்கு முன் கிராமபோன் இசைத்தட்டுகளை ஷெல்லாக்கைச் சேர்த்துத்தான் செய்தார்கள். ஒலி உலகுக்கும் அரக்குக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. ஷெல்லாக்குக்கு அரிய குணம் ஒன்றுண்டு: ஈட்டி (ரோஸ்வுட்) போன்ற எண்ணெய்ப் பசை மிகுந்த மரங்களின் மேல் எண்ணெய்ப் பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும், மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை அடியில் ஒரு கை ஓட்டிவிட்டால் அந்தத் தொல்லை நீங்கும். வெப்பத்துக்கும் ஆல்கஹாலுக்கும் தாங்காது என்பதால் மேற்பூச்சாக அதை நம்ப வேண்டாம்.

முதன்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோதான். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். 120-இல் தொடங்கி 180, 240, 320 என உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றுங்கள். இடையில் ஈரத்துணியால் துடைத்து, எழும் நாரை மறுபடி தேய்த்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பாலியூரித்தேன் வார்னிஷ் உறுதியானது, எளிதானது. அதைப் பற்றி நிறைய வீடியோக்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

[திரையில்: கிண்ணத்தின் உட்புறம்]

இங்கே வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்தி, உங்கள் வீட்டு மர அலமாரியின் உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது பாலிஷ் இல்லாமல் சொரசொரப்பாகத்தான் இருக்கும். அலமாரிக்கு அது சரி. ஹெட்போன் கிண்ணத்துக்குச் சரியல்ல. காதின் வெம்மையும் வியர்வையின் ஈரமும் உள்ளே இருந்து வருகின்றன. வெளிப்புறத்தை மட்டும் மூடிவிட்டு உட்புறத்தை வெறுமையாக விட்டால், மரம் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும். எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை, அதன் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதே நம் தேவை. உட்புறத்தில் முகம் பார்க்கும் பளபளப்பு வேண்டாம். வெளியே எத்தனை பூச்சோ அதற்கு ஈடாக உள்ளேயும் மெல்லிய பூச்சுகள் கொடுத்து, வாசனை முழுதும் போன பிறகே ஃபெல்ட்டை ஒட்டி டிரைவரைப் பொருத்துங்கள்.

உங்களில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர்கள் இருந்தால், வேங்கையோ பலாவோ இந்தக் கிண்ணத்துக்கு எப்படி ஒத்துழைக்கும் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவைத் தேர்ந்தெடுத்த கைகளின் அனுபவத்தை அறிய நான் மிகவும் ஆவலாக இருக்கிறேன். அந்தப் பதில்களை வைத்தே அடுத்த வீடியோவைச் செய்யப்போகிறேன்.