காலர்ட் ஹில்: புல் ஒரு விரல் உயரம் வளர்ந்தால் என்ன ஆகும்?

[காட்சி: தெற்கு நோக்கி இறங்கும் புல் சரிவு, கீழே வேலிச்செடிகள் நடுவில் வயல்கள்]

வணக்கம். இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் பகுதியில், ஸ்ட்ரீட் என்கிற சின்ன ஊருக்குத் தெற்கே இருக்கிறது இந்தக் குன்று. பேர் காலர்ட் ஹில். இதை மலை என்று சொல்ல வாய் வராது. சாலையே முகட்டின் மேல்தான் போகிறது, வண்டியை நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்க வேண்டியதுதான். ஆனால் ஜூன் மாதக் கடைசியில் இந்தச் சரிவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பிரிட்டனில் 1979-ல் அடியோடு அழிந்துபோனது என்று அறிவிக்கப்பட்ட ஒரு பட்டாம்பூச்சி இங்கே மறுபடியும் பறக்கிறது. அது ஏன் அழிந்தது, எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் இடத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடலாம், இடம் புரிந்தால்தான் கதை புரியும்.

[காட்சி: வரைபடம், போல்டன் முகடும் சாமர்செட் லெவல்ஸ் சமவெளியும்]

காலர்ட் ஹில் தனிக் குன்று கிடையாது. போல்டன் ஹில்ஸ் என்று சுமார் 20 மைல் நீளத்துக்குப் போகிற ஒரு தாழ்வான முகட்டின் ஒரு பகுதி. இந்த முகட்டுக்கு இரண்டு பக்கமும் சாமர்செட் லெவல்ஸ் என்கிற சமவெளி விரிந்து கிடக்கிறது, அதில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். ஒரு காலத்தில் முழுக்கச் சதுப்பு. நூற்றாண்டுக் கணக்கில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து மேய்ச்சல் நிலமாக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் பல இடங்களில் ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே வேலி இருக்காது, வாய்க்கால்தான் எல்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வரும், 2013-14 குளிர்காலத்தில் வந்த வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் நின்று நாடு முழுக்கச் செய்தியானது.

இப்படிப்பட்ட இடத்தில் மேட்டு நிலம் என்றால் அதன் மதிப்பே வேறு. இதே போல்டன் முகட்டிலிருந்து, சதுப்புக்கு நடுவே தீவாக நின்ற ஒரு மேட்டுக்குப் போக, கற்கால மனிதர்கள் மரப்பலகைகளால் ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். 1970-ல் பீட் எனும் கரிமண் வெட்டிக்கொண்டிருந்த ரே ஸ்வீட் என்பவர் கண்ணில் பட்டதால் அதற்கு ஸ்வீட் ட்ராக் என்று பெயர். மரத்தின் வளையங்களை எண்ணிக் காலம் கணித்ததில், கி.மு. 3807-3806 வாக்கில் வெட்டிய மரங்கள் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட 6,000 வருஷம், கெட்டுப்போகாமல் அந்தச் சேற்றுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

குன்றின் கல்லும் பழசு. நீலமும் சாம்பலும் கலந்த சுண்ணாம்புக் கல், ப்ளூ லயாஸ் என்பார்கள், சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. ஸ்ட்ரீட் ஊரின் பழைய வீடுகள் இந்தக் கல்லில் கட்டியவை. கல் வெட்டிய குழிகளில் இக்தியோசர் எலும்புகள் கிடைத்தன, அந்தக் கடல் ஊர்வனதான் இன்றைக்கு ஊரின் சின்னம். க்ளார்க்ஸ் செருப்புக் கம்பெனி 1825-ல் தொடங்கியதும் இதே ஊரில்தான்.

[காட்சி: மரங்களுக்கு மேலே தலை நீட்டும் கல் தூண்]

சரிவுக்குப் பக்கத்திலேயே காட்டுக்கு மேலே ஒரு உயரமான கல் தூண் தெரிகிறது பாருங்கள். அட்மிரல் சர் சாமுவேல் ஹூட் நினைவாக 1831-ல் எழுப்பியது. புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனோடு நைல் போரில் இருந்தவர், 1806-ல் ஒரு கடற்சண்டையில் வலது கையை இழந்தவர். கடைசியில் கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாக வந்து, 1814 டிசம்பர் 24-ம் தேதி இறந்தார். இறந்தது எங்கே தெரியுமா? மதராஸில். நம்ம ஊரில் உயிரை விட்ட ஒருவரின் தூண், இந்தக் குன்றின் பக்கத்தில் நிற்கிறது.

சரி, இப்போது சரிவுக்கு வருவோம். நின்றுகொண்டு பார்த்தால் வெறும் புல்வெளி மாதிரிதான் இருக்கும். மண்டி போட்டு முகத்தைத் தரையருகே கொண்டுபோங்கள்.

[காட்சி: தரைமட்டத்தில் மிக அருகில்]

மண் ரொம்ப மெல்லியது, ஆங்காங்கே கல்லே எட்டிப் பார்க்கும். தெற்குப் பார்த்த சரிவு என்பதால் நாள் முழுக்க வெயில் விழும், மழைத்தண்ணீரும் நிற்காமல் ஓடிவிடும். உரம் குறைவான இந்த மாதிரி மண்ணில் பெரிய புல்லால் எல்லாவற்றையும் அமுக்கிவிட முடியாது, அதனால் சின்னச் சின்னச் செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. காட்டுத் தைம் தரையோடு தரையாகப் படர்ந்து ஊதாப் பூ விட்டிருக்கும், விரலால் கசக்கினால் வாசனை தூக்கும். மார்ஜோரம் இருக்கிறது, பீட்சாவோடு பொட்டலத்தில் வருகிற ஆரிகானோ செடிதான் அது. கூம்பு மாதிரி பூக்கிற பிரமிட் ஆர்க்கிட், தேனீ உட்கார்ந்திருப்பது போலவே இதழ் விரிக்கும் தேனீ ஆர்க்கிட், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மார்பிள்டு வொயிட் பட்டாம்பூச்சிகள், எல்லாம் ஒரே கோடையில் பார்க்கலாம். அப்புறம் எறும்புகள். இந்தக் கதையில் முக்கியமான ஆளே எறும்புதான்.

நம்ம பட்டாம்பூச்சியின் பெயர் லார்ஜ் ப்ளூ. பளிச்சென்ற நீலம், மேல் இறக்கையில் கறுப்புப் புள்ளிகள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை பறக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆயுசு சில நாள்தான். பெண் பூச்சி தைம் அல்லது மார்ஜோரம் மொட்டில் முட்டை வைக்கும். புழு வெளியே வந்து இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்னும், இதுவரை எல்லாப் பட்டாம்பூச்சியும் செய்கிற வேலைதான்.

இனிதான் விஷயம். நாலு மில்லிமீட்டர் கூட வளராத அந்தப் புழு, ஒரு மாலை நேரத்தில் செடியிலிருந்து தரையில் விழுந்து, அப்படியே காத்திருக்கும். மிர்மிகா என்கிற சிவப்பு எறும்பு வந்து தொட்டால், முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு இனிப்புத் துளியைக் கொடுக்கும். எறும்பு அதைக் குடிக்கும். பிறகு புழு உடம்பை உப்ப வைத்து நிமிரும், வாசனையிலும் தோற்றத்திலும் வழிதவறிப்போன எறும்புக் குஞ்சு மாதிரியே இருக்கும். எறும்பு அதைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் தூக்கிப்போய் தன் குஞ்சுகளோடு வைத்துவிடும். அங்கே போனதும் இந்தப் புழு செய்வது ஒன்றே ஒன்று, எறும்பின் குஞ்சுகளைத் தின்பது. சுமார் பத்து மாதம் அதே வேலை. ராணி எறும்பு எழுப்பும் ஒலியைப் போலவே இதுவும் ஒலி எழுப்புவதால் எறும்புகள் இதற்கு ராஜ மரியாதை தருகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முழு வளர்ச்சி அடைந்த புழுவின் எடையில் நூற்றுக்கு 98 பங்கு அந்தப் புற்றுக்குள் தின்றதில் வந்தது. பிறகு அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஜூனில் ஒரு காலை நேரம் மண்ணுக்கு மேலே ஊர்ந்து வந்து, ஏதாவது செடியில் ஏறி இறக்கையை விரித்து உலர்த்தும்.

பிரிட்டனில் இந்தப் பட்டாம்பூச்சி குறைய ஆரம்பித்தபோது பூச்சிகளைச் சேகரிப்பவர்கள் மேல்தான் பழி விழுந்தது. அரிய பூச்சிகளைக் குத்திப் பெட்டியில் வைக்கிற பழக்கம் அங்கே பரவலாக இருந்த காலம், அதனால் சந்தேகம் நியாயமானதுதான். எனவே இடத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலி போட்ட இடத்திலும் பூச்சி குறைந்துகொண்டே போனது. எனக்கு இந்தக் கதையில் மனசை அறுக்கும் இடம் இதுதான், அக்கறையோடு செய்த வேலையே அதற்கு எமனாகியிருக்கிறது.

1970-களில் ஜெரமி தாமஸ் என்கிற இளம் ஆய்வாளர் மிஞ்சியிருந்த கடைசி இடத்தில் உட்கார்ந்து, முட்டை முதல் பூச்சி வரை ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் கண்டுபிடித்தது இது. பல வகை மிர்மிகா எறும்புகள் இந்தப் புழுவைத் தூக்கிப் போகும், ஆனால் மிர்மிகா சபுலேட்டி என்கிற ஒரு வகையின் புற்றில்தான் அது நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். மண் சூடாக இருக்க, புல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடாது. புல் கொஞ்சம் ஓங்கினால் நிழல் விழும், மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், சபுலேட்டி போய் அதன் இடத்தில் வேறு மிர்மிகா வந்துவிடும். மேலே பார்த்தால் அதே பச்சை, அதே தைம், அதே சிவப்பு எறும்பு. வித்தியாசம் யாருக்கும் கண்ணில் படாது.

புல் ஏன் ஓங்கியது? செங்குத்தான சரிவில் மாடு ஆடு மேய்த்தால் கட்டுப்படியாகவில்லை என்று விவசாயிகள் விட்டுவிட்டார்கள். 1953-ல் மிக்சோமடோசிஸ் என்கிற நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது, மிச்சமிருந்த புல்லைக் கொறித்துக்கொண்டிருந்தவையும் போயின. சேகரிப்பவர்களைத் தடுக்கப் போட்ட வேலி கால்நடையையும் சேர்த்துத் தடுத்தது. தாமஸுக்கு விடை கிடைத்தபோது நேரம் கடந்துவிட்டது. 1975, 76 வறட்சிக் கோடைகள் மிஞ்சியதையும் நசுக்கின, 1979-ல் எல்லாம் முடிந்தது.

[காட்சி: சரிவில் மேயும் மாடுகள்]

ஆனால் காரணம் கையில் இருந்ததே. 1983-ல் ஸ்வீடனின் ஓலண்ட் தீவிலிருந்து லார்ஜ் ப்ளூவைக் கொண்டுவந்து, தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் மறுபடி விட்டார்கள். முதலில் மேய்ச்சலைச் சரிசெய்து, எறும்பு பெருகியதைப் பார்த்து, அதற்கப்புறம்தான் பூச்சியை விடுவது என்ற வரிசையை விடாமல் கடைப்பிடித்தார்கள். காலர்ட் ஹில், இயற்கையையும் பழைய இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளையின் இடம். அங்கே புதர் வெட்டி, மாடுகளையும் குட்டைக் குதிரைகளையும் மேய விட்டு, 2000-ல் லார்ஜ் ப்ளூவைக் கொண்டுவந்தார்கள். பூக்கும் காலத்தில் மேய்ச்சலைக் குறைத்து, மற்ற மாதங்களில் புல்லை ஒட்டக் கடிக்க விடுவதுதான் கணக்கு. இதை ஒரு வருஷம் விட்டாலும் எறும்பு நகர்ந்துவிடும், ஆகவே இது என்றைக்கும் தொடர வேண்டிய வேலை. இயற்கையை அப்படியே விட்டுவிட்டால் போதும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், இந்தச் சரிவில் அது எடுபடாது, ஏனென்றால் மனிதன் ஓட்டிவந்த ஆடுமாடுகளின் வாய்தான் பல நூற்றாண்டுகளாக இதை உருவாக்கி வைத்திருக்கிறது.

சேகரிப்பவர்கள் பிரச்சினை பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 2015-ல் இந்தக் குன்றிலும் க்ளாஸ்டர்ஷயரில் இன்னோர் இடத்திலும் லார்ஜ் ப்ளூவைப் பிடித்துக் கொன்ற ஒருவரை 2017-ல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இந்தப் பூச்சிக்காக அங்கே கிடைத்த முதல் தண்டனை அது.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ஜூன் கடைசி வாரம் நல்ல நேரம். கொளுத்துகிற வெயிலில் பூச்சி உட்காராது, உட்கார்ந்தாலும் இறக்கையை மூடிக்கொள்ளும், கொஞ்சம் மேகம் போட்ட நாளில்தான் நீல முகத்தை விரித்துக் காட்டும். போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், தைம் செடியும் புற்றும் காலுக்கடியில்தான் இருக்கின்றன. நாய் கூட்டிப் போனால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் வடக்கே க்ளாஸ்டன்பரி டோர் பக்கம் போகலாம், 158 மீட்டர் உயரம், உச்சியில் கூரையில்லாத கோபுரம் நிற்கும். குளிர்காலத்தில் போனால் பட்டாம்பூச்சி இருக்காது, ஆனால் அப்போது கீழே ஹாம் வால் நாணல் காட்டில் சாயங்காலம் ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூட்டமாக வந்து அடையும். அந்த ஸ்டார்லிங் கூட்டத்தைப் பற்றித்தான் அடுத்த வீடியோ.