கியர் விழும் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் லாரி ஓட்டியவன். அதில் முதல் பாதி பழைய வண்டிகளோடு போயிற்று, பின்பாதி புது வண்டிகளோடு. பழைய வண்டி, புது வண்டி, பாரம் கட்டுவது, இரவு ஓட்டம் என்று நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முடிந்தவரை எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புது லாரி நல்ல லாரி. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, இருக்கை முதுகைக் காப்பாற்றுகிறது, ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். இன்று லோடு வண்டியில் ஒருவரை அனுப்பச் சொன்னால் புது வண்டியில்தான் அனுப்புவேன். அப்படியிருந்தும் பழைய லாரியை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. காரணம், அந்த வண்டி என்னோடு ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. சத்தத்தால் பேசியது, அதிர்வால் பேசியது, வாசனையால்கூடப் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு.

காலையில் இன்ஜினைக் கிளப்புவதிலிருந்து தொடங்குகிறேன். குளிர்ந்து கிடக்கும் டீசல் இன்ஜின் முதலில் இரண்டு முறை இருமும். அப்புறம் ஒரு சிலிண்டர் பிடிக்கும், இன்னொன்று பிடிக்கும், வண்டி முழுக்கக் குலுங்கும். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்துகொண்டதும் அந்தக் குலுக்கல் ஒரே சீரான தட்டலாக மாறும். அதற்குள், காற்றழுத்தத்தால் பிடிக்கும் ஏர் பிரேக்குக்கான காற்று டாங்கியில் ஏற வேண்டும். முள் மேலே வரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. அந்தச் சில நிமிடங்களில் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்போம். காற்று நிறைந்த டயர் ஒரு மாதிரி ஒலிக்கும், இறங்கிய டயர் சொத்தென்று கேட்கும். இங்கேயும் காதுக்குத்தான் வேலை.

இன்னொன்று. பழைய டீசல் இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குக் கரண்டே வேண்டாம். டீசலைத் தள்ளும் பம்ப் பல்சக்கர விசையிலேயே சுற்றியது, அது தள்ளும் அழுத்தத்திலேயே இஞ்செக்டர் திறந்து டீசலைச் சிலிண்டருக்குள் தெளித்தது. சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும், அதை இழுத்துப் பிடித்து எண்ணெய் வரத்தை அடைத்தால்தான் நிற்கும். நிற்கும்போது ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள், அதை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

ஸ்டீயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஸ்டீயரிங் சக்கரம் அவ்வளவு பெரிதாக இருந்தது அழகுக்காக இல்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் நெம்புகோல் பலம் முழுவதும் அந்த அகலத்தில்தான் இருந்தது. லோடோடு நிற்கிற வண்டியில் அதைத் திருப்பப் பார்த்தால் தோள் கழன்றுவிடும். வண்டி ஓரங்குலம் உருளத் தொடங்கிய பிறகுதான் திருப்ப வேண்டும். எனக்குச் சொல்லித்தந்த அண்ணன் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: "தம்பி, கட்டைவிரலை உள்ளே விடாதே, வளையத்து மேலேயே இருக்கட்டும்." முன்சக்கரம் கல்லிலோ குழியிலோ அடிபட்டால் ஸ்டீயரிங் சாட்டையடி போலச் சுழலும். உள்ளே இருக்கும் கட்டைவிரல் முறிந்துவிடும். இன்றைக்கும் எதைப் பிடித்தாலும் என் கட்டைவிரல் மேலேயே நிற்கிறது, கதவுக் கைப்பிடியைப் பிடித்தாலும் அப்படித்தான்.

சரி, இப்போது கியருக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் வந்ததே.

சுற்றுகிற ராட்டினத்தில் குழந்தைகள் ஓடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து தாவினால் தூக்கி எறிந்துவிடும். அதன் கூடவே ஓடி, அதே வேகம் வந்ததும் கம்பியைப் பிடித்தால் ஏறியதே தெரியாது. கியரும் அதேதான். இன்ஜின் பக்கம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரத்தின் பக்கம் வேறு வேகத்தில் சுற்றுகிறது. இரண்டையும் சமப்படுத்தி ஒன்றோடொன்று கோக்க வேண்டும். இந்தச் சமப்படுத்தும் வேலையைத் தானே செய்துகொள்ளும் சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு கார்களில் 1928-லேயே வந்துவிட்டது. கனரக லாரிகளில் அது இல்லாத கியர்பாக்ஸ்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடின. நான் பழகியதும் அதில்தான். அங்கே சமப்படுத்துகிறவன் ஓட்டுநர்.

எப்படி என்றால், கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது கிளட்சை மிதித்து, எந்தக் கியரும் கோக்காத நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, இன்ஜின் சத்தம் இறங்கும்வரை ஒரு நொடி காத்திருந்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். கீழ் கியருக்கு வருவது இன்னும் நுணுக்கமானது. நியூட்ரலில் கிளட்சை விட்டதும் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்ற வேண்டும், பிறகுதான் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். எவ்வளவு ஏற்ற வேண்டும்? அதைச் சொல்ல முள் கிடையாது, விளக்கு கிடையாது. காதுதான் சொல்லும். குறைவாக ஏற்றினால் பற்கள் கரகரவென்று அரைக்கும், கியர் கம்பி வழியே அந்த அரைப்பு முழங்கைவரை ஏறும். கூடுதலாக ஏற்றினாலும் அதே கதி. சரியாக அமைந்துவிட்டதா, வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதுபோல இறங்கும். கியர் விழுந்தது என்று நாங்கள் சொல்வோமே, விழுவது என்ற சொல் அவ்வளவு பொருத்தம். நாம் தள்ளவே வேண்டாம், தானாக விழும். உள்ளங்கையில் ஒரு சின்னத் 'தொக்' மட்டும் தெரியும்.

அந்தத் 'தொக்'குக்காக நான் எத்தனை மாதம் பழகினேன் தெரியுமா? எட்டு மாதம். முதல் நான்கு மாதம் அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. பற்கள் அரைபடும்போதெல்லாம் தன் காதைத் தொட்டுக் காட்டுவார், அவ்வளவுதான்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கருங்கல் ஜல்லி லோடு. நீளமான மலை இறக்கம். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எந்தக் கியரில் மூச்சு வாங்கி ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். நான் உச்சியில் கியரைக் குறைக்காமல் விட்டுவிட்டேன். பாதி இறக்கத்தில் நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றப் பார்த்தேன். விழவில்லை. நியூட்ரலில் நின்றுவிட்டது. லோடு வண்டி இறக்கத்தில் நியூட்ரலில் போனால் நேயர்களே, அது லாரியே இல்லை, மலையிலிருந்து உருட்டிவிட்ட பாறை. இன்ஜின் சத்தம் அடங்கி, சக்கரச் சத்தமும் காற்றுச் சத்தமும் மட்டும் கேட்கிறது. இருப்பதிலேயே பயங்கரமான சத்தம் அந்த அமைதிதான்.

பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கப் போனேன். பக்கத்தில் இருந்த அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "பம்ப் பண்ணாதே தம்பி, காத்து தீர்ந்துடும். அப்படியே மிதிச்சுப் பிடி. மூணை மறந்துடு, வேகம் கூடிடுச்சு, இனி அது விழாது. நாலைப் போடு. நல்லா ரேஸ் பண்ணு... இன்னும்... இன்னும்... இப்போ." போட்டேன். தொக்.

வண்டி முன்பக்கம் அமிழ்ந்து நிமிர்ந்தது. இன்ஜின் உறுமியது. அந்த உறுமலைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அடுத்த வளைவுக்குள் வேகம் கட்டுக்குள் வந்துவிட்டது. அடிவாரத்துச் சமதளத்தில் நிறுத்தி, அண்ணன் என்னைச் சக்கரத்தருகே கூட்டிப்போனார். ஒரு சாண் தள்ளியே கையை வைக்கச் சொன்னார். அடுப்புக்கு முன்னால் நீட்டியதுபோல் இருந்தது. பிரேக் லைனிங் கருகிய நாற்றம் மூக்கை அடைத்தது. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறினால் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டையை விட்டு விலகும், லைனிங்குக்கும் பிடிமானம் குறையும். மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. அவர் இதையெல்லாம் விளக்கவில்லை. "இந்த வாசனையை ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். வைத்திருக்கிறேன்.

இதே பயம் உலகத்துக்கு ஒரு கருவியைக் கொடுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற அமெரிக்கர், டீசல் இன்ஜின் செய்தவர். தன் இன்ஜினின் திறமையைக் காட்ட 1931-ல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு டீசல் லாரியில் போனார். கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. கீழே ரோட்டை வெட்டிக்கொண்டு ரயில் பாதை, அதில் ஒரு சரக்கு ரயில். அது கடந்து முடிய, லாரி நூலிழையில் தப்பியது. அந்த நடுக்கம் அவரை விடவே இல்லை. ஓய்வு பெற்ற வயதில் உட்கார்ந்து இன்ஜினையே பிரேக்காக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சிலிண்டருக்குள் காற்றை அழுத்த இன்ஜின் படாதபாடு படும். அழுத்தி முடித்த நொடியில் வால்வைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விட்டுவிட்டால், பட்ட பாடெல்லாம் வண்டியின் வேகத்திலிருந்து கழிந்துவிடும். 1961-ல் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு முப்பது வருடம் முன்பு மலையில் பட்ட பயம் அது.

இன்றைய வண்டியில் இந்த இன்ஜின் பிரேக் உண்டு, பிரேக் கட்டையைத் தேய்க்காமலே வேகத்தை அடக்கும் ரிடார்டர் உண்டு, ஏர் பிரேக்கில் காற்றே போய்விட்டாலும் ஸ்பிரிங் தானாக விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கியரைக் கம்ப்யூட்டர் மாற்றுகிறது. முதல்முறை அப்படி ஒரு வண்டியை ஓட்டியபோது இறக்கத்தில் என் கால் தானாகக் கிளட்சைத் தேடியது. கிளட்ச் பெடலே இல்லை. வண்டி கியரைக் குறைத்தது, நான் மிதிக்காமலே இன்ஜின் வேகத்தை ஒரு சிட்டிகை ஏற்றியது, சரியான இடத்தில் போட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்தில் அண்ணன் என் காதுக்குள் வைத்ததை யாரோ அந்தப் பெட்டிக்குள்ளும் வைத்திருக்கிறார்கள்! ராட்டினத்தோடு கூடவே ஓடி ஏறுகிற அதே வித்தை. வித்தை சாகவில்லை, கை மாறியிருக்கிறது. ஆனாலும் உள்ளங்கையில் அந்தத் 'தொக்' இல்லை. அது இல்லாத குறை எனக்குக் குறைதான்.

புது வண்டி ஓட்டும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கேபின் இப்போது வீட்டுக் கூடம்போல அமைதியாக இருக்கிறது, நல்லது. ஆனால் நாளுக்கு ஒரு முறையாவது பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, வண்டியைக் கேளுங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே சத்தம் மாறும். பேரிங் போகப்போவதை ஒரு மெல்லிய முனகல் முன்கூட்டிச் சொல்லும். இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் குழாயில் கசிவு இருந்தால் ஏற்றத்தில் சீழ்க்கை அடிக்கும். அந்தப் பேச்சு நிற்கவில்லை, குரல்தான் தாழ்ந்திருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். இரவு ஓட்டத்தைப் பற்றிப் பேச இனி நேரமில்லை, அதை விட்டுவிடுகிறேன். பாரம் கட்டுவதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கயிறோ பட்டையோ எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும், புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். ஆட்டத்தில் சரக்கு அமுங்கியிருக்கும், கட்டு தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய கயிற்றை விரலால் சுண்டிப் பாருங்கள், தளர்ந்த கயிறு சும்மா ஆடும், இறுகிய கயிறு 'ணங்'கென்று ஒலிக்கும். இது பழைய வண்டியிலும் அப்படித்தான், புது வண்டியிலும் அப்படித்தான்.

நேரமாகிவிட்டது. வணக்கம்.